தேங்குழல் சட்டில கனோலா, மாவுருண்டைல ஆளி விதை: எது எடுபடும், எது சிக்கடிக்கும்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பலகாரம் போட்டு விக்கிற சின்ன யூனிட்காரங்க கிட்ட இப்பல்லாம் ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது. ஒண்ணு, ஆளி விதை போட்டு ஒரு "ஹெல்தி முறுக்கு" பண்ண முடியுமா. இன்னொண்ணு, கடலை எண்ணெய்க்குப் பதிலா கனோலா எண்ணெய்ல சுட்டா வெளிநாட்டு ஆர்டர்க்காரங்க கூடுதலா வாங்குவாங்களா. சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு பார்சல் போற ஊர் இது, அதனால கேக்குறதுல தப்பில்ல. ஆனா ரெண்டையும் "ஒமேகா 3 இருக்கு, உடம்புக்கு நல்லது" அப்படின்னு ஒரே மூட்டையில கட்டித்தான் எல்லாரும் பேசுறாங்க, அங்கதான் சிக்கல். ஆளி விதைல இருக்கிற ஒமேகா 3 கொழுப்பு எது உங்க கவர் மேல எழுத உதவுதோ, அதே சாமான்தான் நாப்பது நாள் கழிச்சு கவரைப் பிரிக்கும்போது சிக்கு வாடையா மூக்குல ஏறுது. ரெண்டும் வேற வேற இல்ல, ஒரே மூலக்கூறு. இது புரிஞ்சா எந்தப் பலகாரத்துல எதைப் போடலாம்னு பாதி முடிவு தானா வந்துரும்.

அந்த மூலக்கூறு பேரு ஆல்ஃபா லினோலெனிக் ஆசிட், சுருக்கமா ஏஎல்ஏ. எண்ணெய்ல இருக்கிற கொழுப்பு அமிலங்கள்ல சிலதுல இரட்டைப் பிணைப்பு இருக்கும். ஒலிக் அமிலத்துல ஒண்ணு, லினோலிக்ல ரெண்டு, ஏஎல்ஏல மூணு. ரெண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிற கார்பனைத்தான் காத்துல இருக்கிற ஆக்சிஜன் முதல்ல பிடிக்கும். ஒலிக்ல அப்படி ஒரு இடமே இல்ல, லினோலிக்ல ஒண்ணு, ஏஎல்ஏல ரெண்டு. அதனால கெட்டுப்போற வேகம் தோராயமா 1, 10, 20 அப்படிங்கிற கணக்குல ஏறும். ஒண்ணு கூடுனா ஒரு மடங்கு கூடும்னு நினைக்கக் கூடாது, ஒலிக்ல இருந்து லினோலிக்குக்குப் போகும்போதே பத்து மடங்கு தாவிருது.

இப்ப ஆளி விதை எண்ணெயப் பாருங்க. விதைல சுமார் 40 சதவீதம் எண்ணெய், அந்த எண்ணெய்ல பாதிக்கு மேல ஏஎல்ஏ. சமையல் எண்ணெய்ங்கள்ல இவ்வளவு ஏஎல்ஏ இருக்கிறது ரொம்ப ரொம்பக் குறைவு. அது எந்த அளவுக்குக் காத்தோட சேரும்னு தெரிஞ்சுக்க லேப் எல்லாம் வேணாம், பெயின்ட் கடைக்குப் போனா போதும். பர்மா தேக்குக் கதவுக்கும் தூணுக்கும் மெருகு போட வாங்குற லின்சீட் ஆயில் இருக்கே, அது இந்த ஆளி விதைல இருந்து எடுக்கிறதுதான். மரத்துல தடவி விட்டா சில நாள்ல காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கிட்டு கெட்டியான படலமா மாறுது, அதுக்காகவே பெயின்ட்லயும் வார்னிஷ்லயும் நூத்துக்கணக்கான வருஷமா சேக்குறாங்க. (கடைல விக்கிற "பாயில்டு" லின்சீட் ஆயில்ல சீக்கிரம் காயுறதுக்குன்னு உலோக உப்பெல்லாம் சேத்திருப்பாங்க, தப்பித் தவறிக்கூட அதை வாயில வைக்கக் கூடாது, இதைச் சொல்லியே ஆகணும்.) மரத்து மேல காயுற அதே வேலைய உங்க பலகாரத்து மேலயும் அது பண்ணும். அதோட புகையுற சூடு 107 டிகிரி பக்கம்தான், தேங்குழல் சட்டி 170, 180ல நிக்குது. அதனால ஆளி விதை எண்ணெய்ல பொரிக்கிற பேச்சே எடுக்க வேணாம், தாளிக்கவும் வேணாம்.

சரி, அப்ப எண்ணெயா இல்லாம விதையாவே பயன்படுத்தினா? இங்கதான் விஷயம் நல்லாருக்கு. முழு விதைக்குள்ள எண்ணெய் பத்திரமா இருக்கும், தோல் கெட்டி. ஆனா முழுசா போட்டா மென்னாம விழுங்குனவனுக்கு அப்படியே வெளிய போயிரும், பார்க்க எள்ளு மாதிரி அழகா இருக்கும், அவ்வளவுதான் பிரயோஜனம். பொடிச்சா சத்து உடம்புல சேரும், ஆனா காத்து படும். இருந்தும் பொடி எண்ணெயை விட நல்லாவே தாங்கும், ஏன்னா விதையோட இருக்கிற லிக்னான் மாதிரி ஃபீனால் சாமான்களும் புரதமும் கூடவே இருந்து கொஞ்சம் காவல் பாக்குது.

ஆளி விதை நம்ம ஊர்ப் பயிர் இல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிராவுல விதர்பா, இந்தப் பக்கம் விளையுறது. அங்க பரம்பரையா அதை எப்படிச் சாப்பிடுறாங்கன்னு பாத்தா நமக்கு ஒரு வழி கிடைக்கும். மகாராஷ்டிராவுல ஜவஸ் சட்னி, வட கர்நாடகாவுல அகசெ சட்னிப் பொடி. ரெண்டுமே என்னன்னா விதையை வறுத்து, காஞ்ச மிளகா, பூண்டு, உப்பு சேத்து இடிச்ச பொடி, ரொட்டிக்குத் தொட்டுக்க. யாரும் அதைப் போட்டு எண்ணெய்ல பொரிச்சுத் தகர டின்ல மாசக்கணக்குல அடைச்சு வைக்கல. தெரிஞ்சுதான் பண்ணாங்களான்னு சொல்ல முடியாது, ஆனா அந்த வழி சரியான வழி. வறுக்கிறதுல இன்னொரு நன்மையும் இருக்கு, பச்சை ஆளி விதைல சயனைடு விடுற சில சாமான்கள் கொஞ்சம் உண்டு (மரவள்ளிக்கிழங்குல இருக்கிறதுக்குச் சொந்தம்), வறுத்தா அது குறையும், வாசனையும் கடலை வறுத்த மாதிரி வந்துரும்.

அதனால செட்டிநாட்டு அடுப்புல ஆளி விதைக்கு முதல் இடம் எதுன்னா இட்லிப் பொடி, பருப்புப் பொடிதான். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகா, பெருங்காயத்தோட பத்துல ஒரு பங்கு வறுத்த ஆளி விதை போனா சாப்பிடுறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, மேல நல்லெண்ணெய் ஊத்திக் குழைக்கும்போது சுத்தமா மறைஞ்சிரும். நல்லெண்ணெய்ல சீசமின், சீசமோலின்னு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற சாமான் இயற்கையாவே இருக்கு, ஊறுகா அதுல வருஷக்கணக்கா நிக்கிறதுக்கு உப்போட சேந்து அதுவும் ஒரு காரணம்.

அடுத்த இடம் கும்மாயம். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து மாவாக்கி கருப்பட்டிப் பாகுல நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுறது. இது அன்னைக்கே சாப்பிடுற சாமான், கெட்டுப்போக நேரமே இல்ல. நிறமும் ஏற்கனவே கருப்பு, ஆளி விதையோட பழுப்பு தெரியாது. அதை விட முக்கியம், ஆளி விதைத் தோல்ல ஒரு கொழகொழப்பு இருக்கு, தண்ணி பட்டா ஊதி ஜெல்லி ஆயிரும், பேக்கரிக்காரங்க முட்டைக்குப் பதிலா ஒரு ஸ்பூன் பொடிக்கு மூணு ஸ்பூன் தண்ணி ஊத்தி ஊற வச்சுப் போடுறது இதனாலதான். கும்மாயத்துக்கு அந்தக் கொழகொழப்பு பலம். இடியாப்ப மாவுக்கு, தேங்குழல் மாவுக்கு அதுவே தொந்தரவு, மாவு அச்சுல ஒட்டும், பிழியும்போது இழை நேரா விழாது, வழக்கமான அளவை விடத் தண்ணி அதிகமா கேக்கும், தண்ணி அதிகமா குடிச்ச மாவு சட்டில கூட நேரம் நிக்கும். வேகவைக்கிறவங்க இதை முதல் ஈட்டுலயே கண்டுபிடிச்சிருவாங்க, பவர்பாயின்ட் போடுறவங்கதான் லேட்டா கண்டுபிடிப்பாங்க.

கருப்பட்டிப் பணியாரம், கவுனி அரிசிப் பணியாரம் மாதிரி உள்ள ஈரமா இருக்கிறதுலயும் ஆளிப் பொடி பரவால்ல. வெளிய எண்ணெய் எவ்வளவு சூடா இருந்தாலும் உள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் 100 டிகிரியத் தாண்டாது, அதனால உள்ள இருக்கிற ஏஎல்ஏ பெரும்பாலும் தப்பிச்சிரும். ஆளி விதை போட்ட பிரெட், மஃபின் எல்லாம் அவன்ல வெந்தும் ஏஎல்ஏ பெரிசா இழக்காம இருக்கிறதுக்கும் இதான் காரணம். தேங்குழல், சீப்புச் சீடைல உள்ளேயும் ஈரம் போயிரும், மொறுமொறுன்னா ஈரம் இல்லைன்னு அர்த்தம், எண்ணெய் போய் அந்த ஓட்டைல உக்காந்திருக்கும், மெல்லிசா பரவி, காத்து படுற பரப்பு பெரிசா. அதுல ஆளி விதையைப் போடுறது காத்துக்குப் பந்தி விரிச்ச கதை.

மாவுருண்டை நடுவுல நிக்கிற ஒண்ணு. வறுத்த பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, காய்ச்சின நெய், வேற ஒண்ணும் இல்ல. மாவுல 5ல இருந்து 8 சதவீதம் ஆளிப் பொடி போடலாம், வறுத்த வாசனைக்குள்ள அடங்கிரும். ஆனா நெய்யை எடுத்துட்டுக் கனோலாவோ வேற திரவ எண்ணெயோ ஊத்தி "கொலஸ்ட்ரால் ஃப்ரீ மாவுருண்டை" பண்ணப் போனீங்கன்னா உருண்டை பிடிக்கும்போது பிடிக்கும், மறுநாள் உதிரும், கவர் அடில எண்ணெய் கசியும். நெய் ஆறுனா உறையுது, அந்த உறைஞ்ச கொழுப்புதான் மாவைக் கட்டிப் பிடிச்சு வைக்குது. கனோலா ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் உறையாத சாமான், அதால இந்த வேலையப் பண்ண முடியாது. பிஸ்கட், கேக்ல வனஸ்பதியை எடுத்துட்டு கனோலா போட நினைக்கிறவங்களுக்கும் இதே தலைவலிதான், கேக்ல சமாளிச்சிரலாம், அடுக்கடுக்கா வர பஃப்ஸ்ல முடியாது.

இப்ப கனோலாவுக்கு வருவோம். இது கடுகுக் குடும்பத்துல ரேப்சீட்ங்கிற செடியோட மாத்துன ரகம். பழைய ரேப்சீட் எண்ணெய்ல எரூசிக் அமிலம் நிறைய இருந்துச்சு, இரண்டாம் உலகப் போர் சமயத்துல கப்பல் இஞ்சினுக்கு மசகு எண்ணெயா ஓடுனதும் அதான். வாட்ஸ்அப்ல "கனோலா இஞ்சின் ஆயில்" அப்படின்னு சுத்துற ஃபார்வர்டுக்கு வேர் இதுதான், பாதி உண்மை, இப்ப இருக்கிற எண்ணெய்க்குப் பொருந்தாது. கனடாவுல கீத் டவுனியும் பால்டர் ஸ்டெஃபான்சனும் சாதாரண ஒட்டுச் செடி முறைலயே எரூசிக் குறைஞ்ச ரகங்களை எடுத்தாங்க, எரூசிக்கும் புண்ணாக்குல இருக்கிற காரச் சாமானும் ரெண்டுமே குறைஞ்ச முதல் ரகம் டவர் 1974ல வந்துச்சு. இன்னைக்கு கனோலான்னு விக்கணும்னா எரூசிக் 2 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். அமெரிக்காவுல 1985ல சமையலுக்குப் பாதுகாப்பானதுன்னு ஒத்துக்கிட்டாங்க. இப்ப கனடாவுல விளையுறதுல பெரும்பங்கு களைக்கொல்லி தாங்குற மரபணு மாத்துன ரகம், அது ஒத்துக்காத வாடிக்கையாளர் இருந்தா முன்னாடியே யோசிச்சுக்கணும்.

கனோலாவுல நிறை கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) 7 சதவீதம்தான், ஒலிக் 60 சதவீதத்துக்கு மேல, லினோலிக் 20 பக்கம், ஏஎல்ஏ 9, 10. கடலை எண்ணெய்ல நிறை கொழுப்பு 18 பக்கம், ஏஎல்ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்ல. பாமாயில்ல நிறை கொழுப்பு 40க்கு மேல.

நூறு கிராம் தேங்குழல் முப்பது கிராம் எண்ணெய் குடிச்சிருக்குன்னு வச்சுக்கிட்டு ஒரு கணக்குப் போடுங்க, இதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே சுவாரஸ்யமான இடம். பாமாயில்ல சுட்டா நிறை கொழுப்பு 13 கிராம் பக்கம். கடலை எண்ணெய்க்கு மாறுனா அஞ்சரை. கனோலாவுக்கு மாறுனா ரெண்டு. அதாவது பெரிய லாபம் பாமாயிலை விட்டுட்டு கடலை எண்ணெய்க்கு வந்தப்பவே கிடைச்சிருச்சு, அங்க இருந்து கனோலாவுக்குப் போறதுல மிச்சம் மூணரை கிராம்தான். "கனோலாவுக்கு மாறப் போறோம்"னு சொல்ற பாதிப் பேர் இப்ப பாமாயில்ல சுடுறவங்க, அவங்க முதல்ல நம்ம ஊர்ச் செக்குக்குப் போயிட்டு வந்தாலே போதும்.

இன்னொரு பக்கம் ஏஎல்ஏ கணக்கு. மாவுல 5 சதவீதம் ஆளிப் பொடி போட்டா நூறு கிராம் பலகாரத்துல முக்கால் கிராம் பக்கம் ஏஎல்ஏ. ஐரோப்பாவுல "ஒமேகா 3 இருக்கு"ன்னு கவர்ல போடணும்னா நூறு கிராமுக்கும் 0.3 கிராம் வேணும், நூறு கலோரிக்கும் 0.3 கிராம் வேணும். பொரிச்ச பலகாரம் நூறு கிராம் 500 கலோரி, அப்ப ஒன்றரை கிராம் ஏஎல்ஏ தேவை, 5 சதவீத ஆளி விதை முறுக்கு அந்தப் பரீட்சைல ஃபெயில். எண்ணெய்ல ஊறுன சாமானுக்கு கலோரிதான் எதிரி. அதே தேங்குழலை ஆளி விதையே போடாம கனோலால சுட்டா, முப்பது கிராம் எண்ணெய்ல ரெண்டே முக்கால் கிராம் ஏஎல்ஏ, தாராளமா பாஸ். காகிதத்துல!

காகிதத்துலன்னு ஏன் சொல்றேன்னா, அந்த ரெண்டே முக்கால் கிராம் சட்டில கொதிச்சு, மேல மேல புது எண்ணெய் ஊத்தி, திரும்பக் கொதிச்சு, அப்புறம் பிளாஸ்டிக் கவர்ல கடை வாசல்ல வெயில்ல தொங்கணும். கனோலாவைப் பொரிக்கிற சூட்டுக்கு ஏத்துனா ஒரு மாதிரி மீன் வாடை, பெயின்ட் வாடை வரும்னு பொரிக்கிற தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், அது ஏஎல்ஏ உடையுற வாடை. இதுக்காகவே ஒலிக்கைக் கூட்டி ஏஎல்ஏவை 3 சதவீதத்துக்குள்ள குறைச்ச ஹை ஒலிக் கனோலா ரகத்தைக் கொண்டு வந்தாங்க, வெளிநாட்டுப் பெரிய சிப்ஸ் கம்பெனி, பர்கர் கடை எல்லாம் டிரான்ஸ் கொழுப்புத் தடை வந்தப்ப அதுக்குத்தான் போனாங்க. (இங்க உணவுப் பாதுகாப்பு ஆணையம், எஃப்எஸ்எஸ்ஏஐ, 2022 ஜனவரில இருந்து எண்ணெய், கொழுப்புல டிரான்ஸ் 2 சதவீதம்தான்னு கட்டிருக்கு.) பொரிக்க ஏத்த கனோலா வேணும்னா ஒமேகா 3 இல்லாத கனோலாதான் வேணும், அப்ப கவர்ல என்ன எழுதுவீங்க? ஒலிக் கூடின எண்ணெய்தான் வேணும்னா அதுக்குக் கனடா வரைக்கும் போகவும் வேணாம், ஜூனாகத் கடலை ஆராய்ச்சி நிலையம் விட்ட கிர்நார் 4, கிர்நார் 5 ரகக் கடலைல ஒலிக் 80 சதவீதம் பக்கம் வருது, அந்தக் கடலை செக்குக்கு ஒழுங்கா வந்து சேந்தா தேங்குழலுக்கு அதை விட நல்ல எண்ணெய் இல்லைங்கிறது என் கட்சி.

வாசனை விஷயத்தையும் விட முடியாது. ரீஃபைன்ட் கனோலாவுக்கு வாசனை கிடையாது, மயோனைஸ், சாலட், வெண்ணிலா கேக் பண்றவங்களுக்கு அது வரம். மணகோலம், தேங்குழல் வாங்குறவங்க பாதி வாங்குறதே கடலை எண்ணெய் வாசனைக்கு. "என்னப்பா, பலகாரம் மொட்டையா இருக்கு"ன்னு ஒரு ஆச்சி சொல்லிட்டா உங்க நிறை கொழுப்புக் கணக்கு அந்த இடத்துலயே முடிஞ்சுது. கலப்பெண்ணெய் ஒரு நடுவழி, சட்டப்படி ரெண்டு எண்ணெய் கலந்து பாட்டில்ல விக்கணும்னா ஒவ்வொண்ணும் குறைஞ்சது 20 சதவீதம் இருக்கணும், லேபிள்ல அளவு போடணும்.

கனோலாவுக்கு நான் இடம் கொடுக்கிறது பொரிக்காத பக்கம். சிறுதானிய பிஸ்கட், கவுனி அரிசி கேக், கிரனோலா பார் மாதிரி அவன்ல வேகுறது, தக்காளித் தொக்குல பாதி நல்லெண்ணெய் பாதி கனோலா, இப்படி. எண்ணெய் ஒரு தடவைதான் சூடாகுது, திரும்பத் திரும்பக் காயல.

பாத்திரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. செம்பு, பித்தளை, இரும்பு மூணுமே எண்ணெய் கெடுறதை வேகப்படுத்தும், செம்பு ரொம்ப மோசம். நம்ம வீடுகள்ல பித்தளை அண்டாவுக்குப் பஞ்சமில்ல, பரணைல அடுக்கி வச்சிருப்போம், ஈயம் தேஞ்ச அண்டாவுல கனோலா சேத்த மாவையோ ஆளிப் பொடியையோ ராத்திரி முழுக்கப் போட்டு வச்சா வேலை சீக்கிரம் முடிஞ்சிரும். எவர்சில்வர், கண்ணாடி போதும். ஆளி விதையை மொத்தமா பொடிச்சு வைக்காதீங்க, வறுத்த விதையா வச்சுக்கிட்டு ஈட்டுக்கு ஈடு பொடிங்க. வெளிச்சம் புகாத மெட்டலைஸ்டு கவர், உள்ள நைட்ரஜன், இது ரெண்டும் இல்லாம ஆளி விதைச் சாமானைக் கடைக்கு அனுப்புறது வீண். எண்ணெய் சிக்கடிக்காம இருக்க டிபிஹெச்க்யூங்கிற செயற்கைச் சாமான் போட அனுமதி உண்டு, எண்ணெய்ல கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைக்கும், ஆனா "பாரம்பரிய, இயற்கை"ன்னு விக்கிற கவர்ல அந்தப் பேரு உறுத்தும், டோக்கோஃபெரால் (வைட்டமின் ஈ வகை) இல்ல ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட் பாக்கலாம், செலவு ஏறும்.

சத்து விஷயத்துல வாயைக் கொஞ்சம் கட்டிப் பேசறது நல்லது. ஏஎல்ஏவும் மீன்ல இருக்கிற ஒமேகா 3 வகைகளான ஈபிஏ, டிஹெச்ஏவும் ஒண்ணில்ல, உடம்பு ஏஎல்ஏவை அதுவா மாத்துறது கொஞ்சம்தான், டிஹெச்ஏவா மாறுறது ரொம்பக் கொஞ்சம். "மீனுக்குச் சமம்"னு கவர்ல போட்டா பொய். ஆளி விதையோட நார்ச்சத்து, நூத்துக்கு 27, 28, அதைச் சொல்லி விக்கிறதுதான் நேர்மையான வியாபாரம்னு நினைக்கிறேன், நார்ச்சத்து சிக்கும் அடிக்காது.

எவ்வளவு நாள் தாங்கும்னு ஊகத்துல தேதி அடிக்க வேணாம். சால் அவன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, பலகாரத்தை 60, 65 டிகிரி அவன்ல வச்சு தினம் மோந்து பாக்கிறது, அங்க ஒரு நாள் நின்னா வெளிய தோராயமா ஒரு மாசம்னு ஒரு பழைய கணக்கு. கூடவே வழக்கமா கடலை எண்ணெய்ல சுடுற சரக்கு ஒண்ணும் வச்சுக்கணும், ஒப்பிட்டுப் பாக்கத்தான். பெராக்சைடு அளவு (எண்ணெய் எவ்வளவு கெட ஆரம்பிச்சிருக்குன்னு காட்டுறது) பாக்கணும்னா தஞ்சாவூர்ல நிஃப்டெம்ங்கிற உணவுத் தொழில்நுட்ப நிலையத்துல டெஸ்ட்டிங் லேப் இருக்கு. சட்டி எண்ணெய்ல மொத்த போலார் சாமான் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்றப்ப உடைஞ்சு சேருறது) 25 சதவீதத்தைத் தாண்டுனா திரும்பப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலைல இருந்து விதி, அதை அளக்கிற கைக்கருவியும் விக்குது. இந்த ரிசல்ட் எல்லாம் கைக்கு வந்தப்புறம் கவர் டிசைனைப் பிரஸ்ஸுக்குக் குடுங்க, கவர் அடிக்கிற அச்சு சிலிண்டர் வெட்டுன பிறகு "ஒமேகா 3"ங்கிற எழுத்தை எடுக்கணும்னா திரும்ப முழுக் காசு கேப்பாங்க.